தெருவுக்குப் பாதாளச் சாக்கடை வருகிறது: கொல்லைக் கழிப்பறையை வாசல் லைனில் சேர்ப்பது எப்படி, பழைய வீடு தாங்குமா?

மேலவீதி (கேள்வி)

வணக்கம். காவிரி டெல்டாவில் ஒரு நகராட்சி. எங்கள் தெருவில் பங்குனியில் பாதாளச் சாக்கடைக்குப் பள்ளம் வெட்டப் போகிறார்கள். தெரு அகலம் 14 அடி. இருபுறமும் ஒட்டுச்சுவர் வீடுகள். பெரும்பாலும் செங்கல், சுண்ணாம்புக் காரை. கடைக்கால் மூன்று அடிக்கு மேல் இறங்கியிருக்காது.

வாசலிலிருந்து கொல்லை வரை வீட்டின் நீளம் 85 அடி. கழிப்பறை, குளியலறை, செப்டிக் டேங்க், கிணறு எல்லாம் கொல்லையில்தான். தெருவில் தார் மேல் தாராகப் போட்டு உயர்த்திவிட்டதால் கொல்லைத் தரை இப்போது தெருவைவிடச் சுமார் ஒன்றரை அடி தாழ்வு. பின்பக்கம் சந்து கிடையாது. ஆகவே கழிவுக் குழாய் வீட்டுக்குள்ளேயே முற்றம், ரேழி வழியாக வாசலுக்கு வந்தாக வேண்டும்.

என் சந்தேகங்கள்: இவ்வளவு நீளத்துக்கு வாட்டம் கிடைக்குமா? பள்ளம் வெட்டும்போது சுவர்கள் விரிசல் விடாமல் இருக்க என்ன கேட்டு வாங்க வேண்டும்? செப்டிக் டேங்கை எப்போது மூடலாம்? வேலை நடக்கும் மாதங்களில் குடிநீரில் சாக்கடை கலக்காமல் எப்படிப் பார்த்துக்கொள்வது? வீட்டில் வயதானவர்களும் கைக்குழந்தையும் இருப்பதால் கடைசிக் கேள்விதான் அதிகக் கவலை.

குழாய்மட்டம்

முதல் கேள்விக்கு இந்த வாரமே விடை காணுங்கள். குழாய் இறங்கி மண் மூடிய பிறகு மட்டத்தை யாரும் உங்களுக்காக மாற்றித் தர மாட்டார்கள்.

தேவைப்படுவது கொத்தனார் வைத்திருக்கும் மட்டக்குழாய் ஒன்றுதான். தண்ணீர் நிரப்பிய ஒளி ஊடுருவும் டியூப், 30 மீட்டர் நீளம். உள்ளே காற்றுக்குமிழி ஒன்றுகூட நிற்கக் கூடாது. நின்றால் மட்டம் தவறும். உங்கள் வாசலுக்கு நேரே தெருவின் நடு மட்டத்தைச் சுழி என்று வைத்துக்கொண்டு, கழிப்பறைத் தரை அதிலிருந்து எத்தனை செ.மீ. கீழே என்று அளந்துகொள்ளுங்கள்.

பிறகு கணக்கு. கழிப்பறைப் பீங்கானின் வளைவுக்குழாய்க்கே தரைக்குக் கீழ் ஏறக்குறைய 40 செ.மீ. போய்விடும். அங்கிருந்து 110 மி.மீ. குழாய்க்கு 60-க்கு 1 வாட்டம், அதாவது ஒரு மீட்டருக்கு 17 மி.மீ. இறக்கம். 85 அடி என்பது 26 மீட்டர். ஆக 43 செ.மீ. வாசல் சேம்பரிலிருந்து (குழாயைத் திறந்து பார்க்க மூடியோடு கட்டும் சிறு தொட்டி) தெரு மேன்ஹோலுக்கு 3 மீட்டர் என்றால் இன்னொரு 5 செ.மீ. எல்லாவற்றையும் கூட்டி வரும் ஆழத்தில்தான் உங்கள் குழாய் தெரு மேன்ஹோலுக்குள் எட்டிப் பார்க்கும்.

அடுத்ததாக நகராட்சிப் பொறியியல் பிரிவில் உங்கள் தெருவின் நீள்வெட்டு வரைபடத்தைக் கேளுங்கள். அதில் ஒவ்வொரு மேன்ஹோலுக்கும் மூடி மட்டம், குழாயின் அடிமட்டம் என இரண்டு எண்கள் இருக்கும். இரண்டையும் கழித்தால் ஆழம். உங்கள் குழாய் வந்து சேரும் மட்டம், தெருக் குழாயின் மேல் விளிம்புக்கு மேலே இருக்க வேண்டும். அடிமட்டத்துக்கு மேலே இருந்தால் போதும் என்று சிலர் சொல்வார்கள், போதாது. காலை 6 முதல் 9 வரை தெருக் குழாய் முக்கால் பங்கு நிறைந்து ஓடும். அந்த நேரத்தில் தாழ்வாகச் சேர்ந்த வீட்டுக் குழாய்க்குள் தண்ணீர் எதிர்த்து ஏறி நிற்கும், மலம் அங்கேயே படியும்.

அளந்துவிட்டு எண்களை இங்கே போடுங்கள்.

காரைவீடு

சுவர் பற்றி நான் சொல்கிறேன்.

கடைக்காலின் அடிவிளிம்பிலிருந்து தெருப்பக்கமாக 45 பாகையில் ஒரு சாய்கோடு இறங்குவதாக நினைத்துக்கொள்ளுங்கள். பள்ளத்தின் அடி அந்தக் கோட்டுக்கு மேலேயே நின்றுவிட்டால் வீட்டின் பாரம் பள்ளத்தைத் தள்ளாது. உங்கள் தெரு 4.2 மீட்டர் அகலம். நடுவில் 80 செ.மீ. அகலத்தில் வெட்டினால் பள்ளத்தின் ஓரத்துக்கும் சுவருக்கும் 1.7 மீட்டர் இடைவெளி. கடைக்கால் 85 செ.மீ. என்றால் 2.55 மீட்டர் ஆழம் வரை கணக்குப்படி பயமில்லை. தெருவின் தொடக்கத்தில் ஆழம் குறைவாகத்தான் இருக்கும். லைன் போகப் போக ஆழம் கூடி, கடைசி மேன்ஹோலுக்கு அருகில் 3 மீட்டரைத் தொடலாம். அங்குள்ள வீடுகள்தான் உண்மையில் ஆபத்தில் இருப்பவை. உங்களுடன் சேர்த்து அவர்களையும் பேச வையுங்கள்.

இந்தக் கணக்கை இரண்டு விஷயங்கள் கெடுக்கும். குடிநீர்க் குழாய் குறுக்கே வருகிறது என்று சொல்லிப் பள்ளத்தை ஒரு பக்கமாகத் தள்ளி வெட்டுவது ஒன்று. இடைவெளி 80 செ.மீ. ஆகிவிட்டால் பாதுகாப்பான ஆழம் 1.65 மீட்டராகச் சுருங்கிவிடும். இன்னொன்று நிலத்தடி ஊற்று. டெல்டாவில் களிமண்ணுக்குக் கீழே பொடிமணல் படிவம் இருக்கும். அதில் தண்ணீர் ஊறினால் 45 பாகை என்ற பேச்சே கிடையாது. மணல் கஞ்சி மாதிரி ஓடிவரும்.

இறைக்கும் மோட்டார் வெளியே தள்ளும் தண்ணீரை ஒரு வாளியில் பிடித்துப் பாருங்கள். தொடங்கிய கால் மணி நேரம் கலங்கலாக வருவது இயல்பு. மணிக்கணக்கில் கலங்கலாகவே வந்து, வாளியின் அடியில் மணல் தங்குகிறது என்றால், அந்த மணல் உங்கள் வீட்டுக்கடியிலிருந்து வருகிறது. உடனே மோட்டாரை நிறுத்தச் சொல்லுங்கள். பள்ளத்துக்குள் நேரடியாக இறைக்காமல், இருபுறமும் சல்லடை உறை போட்ட சிறு துளைக்குழாய்களை இறக்கி நீர்மட்டத்தைத் தாழ்த்திவிட்டுத் தோண்டுவதுதான் அங்கே சரியான முறை.

1.5 மீட்டருக்கு மேல் ஆழமான எந்தப் பள்ளத்துக்கும் பக்கத்தாங்கல் வேண்டும். பலகையும் குறுக்குச் சட்டமுமாக இருக்கலாம், இரும்புத் தகடாகவும் இருக்கலாம். இது உங்கள் சுவருக்காக மட்டுமல்ல. பள்ளத்துக்குள் குனிந்து குழாய் சேர்க்கும் தொழிலாளி மண் சரிந்தால் தப்ப முடியாது. ஒரு கனமீட்டர் ஈரமண் ஒன்றரை டன்னுக்கு மேல் எடை. தோண்டிய மண்ணைப் பள்ளத்தின் விளிம்பிலேயே குவிப்பதும் அதே விபத்துக்கு வழி. குறைந்தது 1.5 மீட்டர் தள்ளிப் போட வேண்டும். 14 அடித் தெருவில் அதற்கு இடமே இல்லை என்பதால், மண்ணை அவ்வப்போது டிராக்டரில் ஏற்றி வெளியே கொண்டுபோய், மூடும்போது திரும்பக் கொண்டுவர வேண்டும். ஒப்பந்தத்தில் இதற்குத் தனிச் செலவு இனம் இருக்கிறதா என்று உதவிப் பொறியாளரிடம் முன்கூட்டியே கேளுங்கள். இல்லையென்றால் மண் உங்கள் திண்ணையில்தான் ஏறும்.

இரண்டு மேன்ஹோலுக்கு இடைப்பட்ட 30 மீட்டரை மட்டும் திறந்து, குழாய் போட்டு, மூடிவிட்டு அடுத்ததற்குப் போக வேண்டும். தெரு முழுவதையும் ஒரே மூச்சில் பிளந்து போட்டுவிட்டு, குழாய் வரவில்லை என்று மூன்று வாரம் விட்டுவைப்பதால்தான் பாதி விரிசல்கள் வருகின்றன. பள்ளம் திறந்திருக்கும் ஒவ்வொரு நாளும் மண் கொஞ்சம் கொஞ்சமாக உள்நோக்கி நகரும்.

வேலை தொடங்குவதற்கு முன், தேதி தெரியும்படி எல்லா அறைச் சுவர்களையும் படம் எடுத்து வையுங்கள். ஏற்கெனவே உள்ள விரிசலின் இரு நுனியிலும் பென்சிலால் கோடு போட்டுத் தேதி எழுதுங்கள். பெரிய விரிசல் என்றால் குறுக்கே மெல்லிய கண்ணாடிச் சீட்டு ஒன்றை இரு முனையிலும் சிமெண்டால் ஒட்டுங்கள். சுவர் அசைந்தால் கண்ணாடி உடையும், மறுபேச்சுக்கு இடமில்லை. பிறகு இழப்பீடு கேட்க இதுதான் உங்கள் கையிலிருக்கும் ஒரே சான்று. ஒட்டுச்சுவர் என்பதால் இரு வீட்டாரும் சேர்ந்து செய்யுங்கள். ஒருவர் பக்கத்துப் பூச்சில் தெரியாத விரிசல் அடுத்தவர் பக்கத்தில் தெரியும்.

பங்குனி நல்ல காலம்தான். வழக்கமாக ஜூன் 12-இல் மேட்டூர் திறந்து, தண்ணீர் வாய்க்கால்களுக்கு வந்து சேர்ந்ததும் ஊற்று மேலே ஏறிவிடும். ஆழமான பகுதிகளை அதற்குள் முடித்துவிட வேண்டும் என்று மட்டும் வற்புறுத்துங்கள். ஆழம் குறைந்த மேட்டுப் பகுதியைப் பிறகு வைத்துக்கொள்ளலாம். வேலை எளிது என்பதற்காகச் சிலர் தலைகீழாகச் செய்வார்கள்.

மேலவீதி

இருவருக்கும் மிக்க நன்றி. மட்டம் பார்த்தாயிற்று. தெரு நடு மட்டத்தைவிடக் கழிப்பறைத் தரை 46 செ.மீ. கீழே. வரைபடத்தில் எங்கள் வாசலுக்கு எதிரே உள்ள மேன்ஹோல் ஆழம் 1.45 மீட்டர், குழாய் 200 மி.மீ. கொல்லையில் ஒரு தொட்டி கட்டி மோட்டார் வைத்து ஏற்றிவிடலாம் என்று பிளம்பர் சொல்கிறார்.

குழாய்மட்டம்

கணக்கைப் போடுவோம். 46, அதோடு வளைவுக்குழாய்க்கு 40, ஆக 86. வீட்டு நீளத்துக்கு 43, ஆக 129. மேன்ஹோல் வரை 5. மொத்தம் 1.34 மீட்டர். தெருக் குழாயின் அடி 1.45, மேல் விளிம்பு 1.25. உங்கள் குழாய் 9 செ.மீ. தாழ்வாகப் போய்ச் சேர்கிறது. முடியவே முடியாது என்றில்லை. ஆனால் நாள்தோறும் காலையில் எதிர்நீர் ஏறும். விட்டுவிடக் கூடாது.

மோட்டார் வேண்டாம். மலத்தை அரைத்துத் தள்ளும் பம்பு என்றால் மின்சாரம் போகும் நேரமெல்லாம் கழிப்பறை நிற்கும். தொட்டியில் தேங்கும் கழிவிலிருந்து வாயு உண்டாகும். துணி ஒன்று சிக்கினால் கையை விடத்தான் ஆள் தேடுவீர்கள். வேறு வழியே இல்லாத வீட்டுக்கு உரியது அது.

உங்களுக்கு எளிய வழி உண்டு. கழிப்பறைத் தரையை 45 செ.மீ. உயர்த்திவிடுங்கள். 15 செ.மீ. வீதம் மூன்று படி, பக்கத்தில் பிடிகம்பி. அப்போது குழாய் மேன்ஹோலுக்குள் 89 செ.மீ. ஆழத்திலேயே சேரும். தெருக் குழாயின் மேல் விளிம்புக்கு 36 செ.மீ. மேலே. அடிமட்ட வித்தியாசம் 56 செ.மீ.; 60-ஐத் தாண்டினால்தான் செங்குத்து இறக்கக் குழாய் தனியாகக் கட்ட வேண்டும். ஆக அந்தச் செலவும் இல்லை. பெரியவர்களுக்குப் படி சிரமம் என்றால், கொல்லையை விட்டுவிட்டுத் தாழ்வாரத்தின் ஓரமாகப் புதிய கழிப்பறை ஒன்று கட்டிக்கொள்வதை யோசியுங்கள். நீளம் பாதியாகும், இரவில் கொல்லைக்குப் போகும் தொல்லையும் தீரும்.

தரையை உயர்த்துவதில் இன்னொரு நன்மை. தெருக் குழாய் அடைத்துக்கொண்டாலோ நீரேற்று நிலையத்தில் மின்சாரம் போனாலோ, கழிவுநீர் மேல்நோக்கி வரும். அடைப்புக்கு மேற்புறம் எந்தத் திறப்பு எல்லாவற்றிலும் தாழ்ந்ததோ அதன் வழியாக வெளியே கொப்பளிக்கும். தெரு மேன்ஹோல் மூடியைவிடத் தாழ்ந்த கழிப்பறை உள்ள வீடுதான் முதல் பலி. 45 செ.மீ. உயர்த்தினாலும் நீங்கள் தெரு மட்டத்துக்குச் சமமாகத்தான் வருகிறீர்கள். குளியலறைத் தரை இன்னும் தாழ்வு. ஆகவே வாசல் சேம்பரில் எதிர்நீர் தடுப்பு வால்வு ஒன்று கட்டாயம். மூடியைத் திறந்தால் கைக்கு எட்டும் இடத்தில் வையுங்கள். உள்ளே உள்ள மடல் மாதம் ஒருமுறையாவது கழுவப்பட வேண்டும். ஒரு முடிக்கற்றை சிக்கினாலும் அது மூடாது. வால்வு மூடியிருக்கும் நேரம் உங்கள் வீட்டுத் தண்ணீரும் வெளியே போகாது என்பதையும் வீட்டாருக்குச் சொல்லி வையுங்கள். தெரு மேன்ஹோல் நிறைந்து நிற்கும்போது குளித்தால் அந்தத் தண்ணீர் உங்கள் வீட்டிலேயே நிற்கும்.

குழாய் வாங்கும்போது: மண்ணுக்குள் புதைப்பதற்கென்றே செம்பழுப்பு நிறத்தில் யு.பி.வி.சி. குழாய் இருக்கிறது, மேலே ஐ.எஸ். 15328 என்று அச்சிட்டிருக்கும். சுவரில் மாட்டும் சாம்பல் நிற மெல்லிய குழாயைத் தரைக்கடியில் புதைக்காதீர்கள். 90 பாகை வளைவு ஒன்றுகூட வேண்டாம். திரும்ப வேண்டிய இடத்தில் இரண்டு 45 பாகை வளைவுகள், அல்லது ஒரு சேம்பர். கிளைக்குழாய் சேரும் இடத்தில் டி வடிவத் துண்டு வேண்டாம், ஒய் வடிவம் போடுங்கள். 26 மீட்டரில் முற்றத்தில் ஒன்று, வாசலில் ஒன்று, கழிப்பறை வாசலில் ஒன்று என மூன்று சேம்பராவது இருந்தால்தான் அடைப்பு எடுக்கக் கம்பி எட்டும். சேம்பரின் அடியைத் தட்டையாக விடாமல் அரைவட்ட வாய்க்காலாகப் பூசச் சொல்லுங்கள். தட்டையாக விட்டால் மூலையில் மலம் ஒதுங்கும்.

கழிப்பறையை ஒட்டி 75 மி.மீ. காற்றுக்குழாய் ஒன்று மொட்டைமாடிக்கு மேல் போக வேண்டும். அது இல்லாமல் பக்கெட் தண்ணீரை ஒரேயடியாக ஊற்றினால், குளியலறைத் தரைப்பொறியில் (தரை வடிகாலின் வளைவு) நாற்றத்தைத் தடுத்து நிற்கும் 5 செ.மீ. தண்ணீரை அது உறிஞ்சிக்கொண்டு போய்விடும். அதன் பிறகு வீடு நாறுகிறது என்று ஊரெல்லாம் திட்டுவார்கள். காரணம் இந்த ஒரு குழாய்.

துளித்துளி

குடிநீர் பற்றி. கைக்குழந்தை இருக்கும் வீடு என்கிறீர்கள், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

பொக்லைன் வாளி தெருவில் இறங்கினால் வீட்டுக் குடிநீர் இணைப்புகள் அறுபடாமல் இருப்பது அரிது. அறுபட்டால் பழைய சைக்கிள் டியூபைச் சுற்றிக் கம்பியால் இறுக்கிவிட்டு மண்ணை மூடிவிடுவார்கள். தண்ணீர் வரும் ஒரு மணி நேரம் அதிலிருந்து நீர் வெளியே கசியும். அதில் ஆபத்தில்லை. மீதி 23 மணி நேரம் குழாய் காலி. காலியாகும்போது உள்ளே உறிஞ்சும் விசை உண்டாகும். சுற்றி நிற்கும் பள்ளத்துத் தண்ணீர் உள்ளே போகும். நம் ஊர்களில் குடிநீர் கெடுவது பெரும்பாலும் இந்த வழியில்தான். குழாயில் எப்போதும் அழுத்தம் இருந்தால் இந்தத் தொல்லை இத்தனை இருக்காது.

எனவே அறுபட்ட இணைப்பை அன்றே, மண் மூடும் முன், புதிய எம்.டி.பி.இ. (நடுத்தர அடர்த்தி பாலிஎத்திலீன்) குழாயும் இறுக்குமரையுள்ள கப்ளரும் போட்டு மாற்ற வேண்டும். செலவு ஒப்பந்ததாரருடையது. நீங்கள் நேரில் நின்று பாருங்கள். முடியாவிட்டால் பக்கத்து வீட்டாரிடம் சொல்லிவிட்டுப் போங்கள். சாக்கடைக் குழாயும் குடிநீர்க் குழாயும் 3 மீட்டர் தள்ளி ஓட வேண்டும் என்பது விதி. 14 அடித் தெருவில் அதற்கு வாய்ப்பே இல்லை. அப்படியானால் உயரத்திலாவது விட்டுக்கொடுக்கக் கூடாது: குறுக்கே போகும் இடங்களில் குடிநீர்க் குழாய் அரை மீட்டராவது மேலே இருக்க வேண்டும், சாக்கடைக் குழாயின் இணைப்பு மூட்டு அந்த இடத்துக்கு நேர் கீழே வரக் கூடாது.

வேலை நடக்கும் நாட்களில் குழாய் திறந்ததும் வரும் முதல் 10 நிமிடத் தண்ணீரைக் குடிக்கவோ சமைக்கவோ பிடிக்காதீர்கள். குழிக்குள் இறங்கிப் பிடிக்கும் குழாயாக இருந்தால் உடனே மேலே உயர்த்துங்கள். அந்தக் குழியில் தேங்கும் தண்ணீரே குழாய்க்குள் திரும்பப் போகும். இணைப்பில் நேரடியாக மோட்டார் போட்டு உறிஞ்சுவதை இந்த மாதங்களிலாவது தெரு முழுக்க நிறுத்துங்கள். ஒரு வீட்டு மோட்டார், பக்கத்து வீட்டு ஓட்டை வழியாகச் சாக்கடையை எல்லோருக்குமாக இழுத்துவிடும்.

சோதிக்க இரண்டு எளிய வழிகள். குழாய்த் தண்ணீரில் மிச்சக் குளோரின் லிட்டருக்கு 0.2 மில்லிகிராமாவது இருக்க வேண்டும். சோதனைப் பெட்டி குடிநீர்ப் பணியாளரிடம் இருக்கும். தெருவின் கடைசி வீட்டில் சோதிக்கச் சொல்லுங்கள், தொட்டிக்கு அருகில் உள்ள வீட்டில் அல்ல. நேற்று வரை இருந்த குளோரின் இன்று திடீரென்று காணாமல் போனால், எங்கோ அழுக்கு கலந்து அதைத் தின்றுவிட்டது என்று பொருள். இரண்டாவது, எச்2எஸ் குப்பி. கோடு வரை தண்ணீர் நிரப்பி, அறை வெப்பத்தில் 24 முதல் 48 மணி நேரம் வைத்தால், மலக்கிருமி கலந்த தண்ணீர் கறுத்துவிடும். கறுத்தால் அந்தத் தெருவின் வால்வை அடைத்து, ஓட்டையைக் கண்டுபிடித்து, குழாயைக் கழுவிவிடும் வரை லாரித் தண்ணீர் கேளுங்கள். குழந்தைக்குக் கொடுப்பதை எப்படியும் நன்கு கொதிக்க வைத்தே கொடுங்கள். தண்ணீர் தெளிவாக இருக்கிறதே என்று நம்ப வேண்டாம்.

வார்டு14

செப்டிக் டேங்க், மழைத்தண்ணீர், இணைப்பு நேரம் மூன்றும் ஒன்றோடொன்று பின்னியவை.

குழாய் போட்ட மறுநாளே யாரும் இணைத்துக்கொள்ளக் கூடாது. நீரேற்று நிலையமும் சுத்திகரிப்பு நிலையமும் ஓடத் தொடங்கிய பிறகு நகராட்சி முறையாக அறிவிக்கும், அதன் பின்தான். தெருவில் லைன் இருக்கிறதே என்று இருட்டில் உடைத்துச் சேர்த்துவிடுகிறார்கள். போக வழியில்லாத லைனில் அந்தக் கழிவு மாதக்கணக்கில் நின்று மணலோடு இறுகிவிடும். திறப்பு விழா அன்றே லைன் அடைத்துக்கொள்வது இதனால்தான்.

வைப்புத்தொகையை முன்கூட்டியே கேட்பதில் தவறில்லை. 1990-களின் பிற்பகுதியில் ஆலந்தூர் நகராட்சி வீட்டுக்கு 5,000, கடைகளுக்கு 10,000 ரூபாய் என்று மக்களிடமே முதலில் திரட்டித்தான் தன் திட்டத்தை எழுப்பியது. உங்கள் ஊரில் கட்டடப் பரப்பைப் பொறுத்துத் தொகை மாறும். தவணை உண்டா என்று கேளுங்கள், ரசீதைப் பத்திரப்படுத்துங்கள்.

இணைப்பு கொடுத்த பிறகு செப்டிக் டேங்க் வழியாகக் கழிவு போகக் கூடாது. நேராகத் தெருவுக்குப் போக வேண்டும். டேங்கில் அழுகி வரும் நீரில் ஹைட்ரஜன் சல்பைடு அதிகம். அது மேன்ஹோலின் சிமெண்டை அரிக்கும். அதே சமயம் டேங்கை அவசரப்பட்டு இடிக்கவும் வேண்டாம். புதிய லைன் ஒரு மாதம் தடையில்லாமல் ஓடுகிறதா என்று பார்த்துவிட்டு, கழிவு உறிஞ்சும் லாரியை வரவழைத்துக் காலி செய்யுங்கள். கோடையில் செய்யுங்கள். ஊற்று மேலே நிற்கும் ஐப்பசி, கார்த்திகையில் காலி செய்தால் கீழிருந்து வரும் நீரழுத்தம் டேங்கின் தளத்தைப் பிளந்துவிடும்.

அடியில் தங்கிய கசடை எடுக்க யாரையும் உள்ளே இறக்காதீர்கள். எத்தனை பேர் கேட்டாலும், எவ்வளவு குறைந்த கூலிக்கு வந்தாலும் இறக்காதீர்கள். டேங்கில் இருக்கும் அந்த ஹைட்ரஜன் சல்பைடு வாயு மூக்கின் உணர்வையே முதலில் மரக்கச் செய்துவிடும். நாற்றம் போய்விட்டது என்று நினைக்கும் நொடியில் ஆள் விழுந்துவிடுவார். காப்பாற்ற இறங்குபவரும் விழுவார். கையால் மலம் அள்ளும் வேலையைத் தடைசெய்யும் 2013-ஆம் ஆண்டுச் சட்டப்படி இது குற்றம். சாக்கடைச் சாவுக்கு இழப்பீட்டை உச்சநீதிமன்றம் 2023-இல் 30 லட்சமாக உயர்த்தியது. தண்ணீர் பீய்ச்சிக் கலக்கி மறுபடி உறிஞ்சினால் கசடு வந்துவிடும். பிறகு மேலிருந்தே சுண்ணாம்புத் தூள் தூவி, கடப்பாரையால் தளத்தில் இரண்டு மூன்று துளை போட்டு, செங்கல் உடைசலும் மணலும் அடுக்கடுக்காகக் கொட்டித் தண்ணீர் விட்டு நிரப்புங்கள். துளை போடாமல் நிரப்பினால் உள்ளே நீர் தேங்கி மேலே தரை உள்வாங்கும். தண்ணீர்த் தொட்டியாக மாற்றலாம் என்று யாராவது சொன்னால் கேட்க வேண்டாம்.

முற்றத்துத் தண்ணீர்தான் எனக்கு முக்கியம். பழைய வீடுகளில் முற்றத்து மழைநீர் ரேழிக்கடியில் ஓடித் தெரு வாய்க்காலில் விழும். புதுக் குழாய் போடும் கொத்தனார், ஒரே பள்ளம்தானே என்று இரண்டையும் சேர்த்துவிடுவார். சேர்க்கவே கூடாது. 1,000 சதுர அடிக் கூரையில் ஒரு மணி நேரத்தில் 50 மி.மீ. மழை பெய்தால் 4,600 லிட்டர். நான்கு பேர் உள்ள வீட்டின் ஒரு நாள் கழிவுநீரே 430 லிட்டர்தான். ஒரு கூரை ஒரு மணி நேரத்தில் பத்து நாள் கழிவைத் தள்ளுகிறது. தெருவில் ஐந்து வீடுகள் இப்படிச் செய்தால் தாழ்ந்த வீட்டுக் கழிப்பறை ஐப்பசி அடைமழையில் பொங்கும். உங்கள் வீடு தாழ்ந்தது. ஆகவே மற்றவர்கள் சேர்க்காமல் பார்ப்பதில் உங்களுக்குத்தான் அதிக அக்கறை வேண்டும். ஒரே பள்ளத்தில் மேலே மழைநீர்க் குழாய், கீழே கழிவுக் குழாய், இடையில் ஒரு சாண் மண். முடிந்தால் மழைநீரைக் கிணற்றுக்கே வடிகட்டி விடுங்கள்.

குழாய்மட்டம்

ஒன்று விட்டுப்போயிற்று. தெருக் குழாயைச் சோதிப்பது பொறியாளர் வேலை என்று ஒதுங்கிவிடாதீர்கள். மூடும் முன் தெருக்காரர்கள் நான்கு பேர் நின்று பார்க்கக்கூடிய சோதனை இருக்கிறது.

200 மி.மீ. குழாய்க்கு 250-க்கு 1 வாட்டம். அப்படியானால் 30 மீட்டருக்கு மொத்த இறக்கமே 12 செ.மீ.தான். குழாயின் தலைப்பகுதி (அடுத்த குழாய் செருகும் அகன்ற முனை) உட்கார மண்ணில் சிறு பள்ளம் பறிக்காமல், மேட்டின் மேல் வைத்துவிட்டால் இரண்டு குழாய்க்கு நடுவே தொய்வு விழும். மூன்று செ.மீ. தொய்வு போதும், மணல் அங்கே தங்கிவிடும்.

ஒரு மேன்ஹோலிலிருந்து கண்ணாடியால் வெயிலை உள்ளே அடித்து, அடுத்ததிலிருந்து பார்க்க வேண்டும். முழு வட்டமாக வெளிச்சம் தெரிந்தால் குழாய் நேர். பிறை போலத் தெரிந்தால் மேலோ கீழோ வளைந்திருக்கிறது. அடுத்து, குழாய் விட்டத்தைவிட 13 மி.மீ. சிறிய, வழவழப்பான பந்து ஒன்றை மேல் முனையில் விட்டால் அது கீழ் முனைக்கு உருண்டு வர வேண்டும். நின்றுவிட்டால் உள்ளே காரை பிதுங்கியிருக்கிறது, அல்லது வீட்டு இணைப்புக் குழாய் உள்ளே நீட்டிக்கொண்டிருக்கிறது. தெருக் குழாயின் முதுகை உளியால் உடைத்து வீட்டு இணைப்பைச் சொருகினால் இப்படித்தான் ஆகும். இணைப்பு மேன்ஹோலிலோ, அதற்கென்று உள்ள கிளைத்துண்டிலோதான் வர வேண்டும்.

மூடும்போது குழாய்க்கு மேல் 30 செ.மீ. வரை மணல் அல்லது கல் இல்லாத பொடிமண், கையால் இடித்தது. அதற்கு மேல் 15 செ.மீ. அடுக்கு, தண்ணீர், இடிப்பான், மறுபடி 15. ஒன்றரை மீட்டரையும் ஒரே தள்ளாகப் பொக்லைனால் மூடினால் முதல் மழையில் நீளவாக்கில் குழியும்.

காரைவீடு

ஆமாம், இதே காரணத்தால் உடனே சிமெண்ட் சாலை வேண்டும் என்று கேட்காதீர்கள். மண் அடியில் இறங்கிவிடும், சிலாப் பாலம் மாதிரி மேலே நிற்கும், ஒரு நாள் லாரி ஏறினால் உடையும். முதலில் ஜல்லிக் கலவை போட்டு உருளையால் அழுத்தி, ஒரு மழைக்காலம் ஓட விட்டுப் பிறகு நிரந்தரச் சாலை. அந்தச் சில மாதத் தூசிக்குத் தண்ணீர் தெளிப்பதை ஒப்பந்தத்தில் இருந்தால் கேட்டு வாங்குங்கள். தேர் ஓடும் வீதியானால் தேரோட்டத் தேதியை இப்போதே எழுத்தில் கொடுத்துவிடுங்கள். தேர்ச்சக்கரத்தின் பாரம் முழுவதும் குறுகிய பட்டையில் இறங்குவதால் புதுமண்ணில் அமுங்கும். அந்த வீதியில் மேன்ஹோல் மூடி எச்.டி. 20 (கனரக வகை) தரமாவது இருக்க வேண்டும். மூடியிலேயே அச்சிட்டிருக்கும்.

புதுச் சாலை போடும்போது பழையதைச் சுரண்டி எடுத்துவிட்டு, அதே மட்டத்தில்தான் போட வேண்டும். தலைமைச் செயலாளர் 2021-இல் எல்லாத் துறைகளுக்கும் இதை அறிவுறுத்தியிருக்கிறார். உங்கள் வீடு ஏற்கெனவே ஒன்றரை அடி தாழ்வு. மேன்ஹோல் மூடியின் மட்டத்தை வரைபடத்தில் குறித்துக்கொண்டு, போட்ட பிறகு அதே மட்டக்குழாயால் அளந்து பாருங்கள்.

மேலவீதி

கழிப்பறைத் தரையை உயர்த்துவதென்று முடிவு. நாளை பக்கத்து நான்கு வீட்டாரையும் கூட்டி மட்டம் பார்க்கிறோம். கடைசியாக ஒன்று: செப்டிக் டேங்க் போன பிறகு கொல்லைக் கிணற்றுத் தண்ணீரைக் குடிக்கலாமா?

துளித்துளி

உடனே வேண்டாம். டேங்கைச் சுற்றி ஊறிய மண் தெளிய ஒன்றிரண்டு மழைக்காலமாவது ஆகும். அடுத்த கோடையில் கிணற்றைச் சேறு வாரி, பிளீச்சிங் பவுடர் போட்டு இறைத்துவிட்டு, குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்ட ஆய்வகத்தில் மாதிரி கொடுங்கள். நைட்ரேட் லிட்டருக்கு 45 மில்லிகிராமுக்குள்ளும், கோலிபார்ம் கிருமி இல்லை என்றும் வந்தால் குடிக்கலாம். நைட்ரேட் கொதிக்க வைத்தால் போகாது, குறையவும் குறையாது. கைக்குழந்தைக்குப் பால் கரைக்க அது வரை கிணற்றுத் தண்ணீரைத் தொடவே வேண்டாம். அதுவரை தோட்டத்துக்கும் துணி துவைக்கவும் தாராளமாக இறையுங்கள், இறைக்க இறைக்கத்தான் தெளியும்.